இறக்கையை எங்கே வைப்பது?

போன ஆண்டு பொறியியல் கல்லூரி மாணவர்கள் நால்வர் இறுதியாண்டுத் திட்டத்துக்கு யோசனை கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். பறக்கும் கார் ஒன்றின் சிறிய மாதிரியைச் செய்யப்போகிறார்கள். எந்த வடிவம் என்பதில்தான் சண்டை. ஒருவனுக்கு மடக்கும் இறக்கை வேண்டும். இன்னொருத்தி இறக்கையைக் கழற்றி வைத்துவிடலாம் என்றாள். மூன்றாமவன் தலைமேல் சுழலி சுற்றும் ஆட்டோஜைரோ என்றான். நான்காமவள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, “நின்ற இடத்திலிருந்து எழும்பாவிட்டால் அது என்ன சார் பறக்கும் கார்?” என்று கேட்டாள். மற்ற மூவரும் அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தார்கள்.

நிபந்தனைகளை மட்டும் ஒருமனதாக எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு பேர் போக வேண்டும், 300 கிலோமீட்டர் பறக்க வேண்டும், வீட்டுக் கார் ஷெட்டில் நிற்க வேண்டும், சாலையில் சட்டப்படி ஓட வேண்டும். நல்ல பட்டியல்தான். ஏறத்தாழ இதே பட்டியலோடு நூறாண்டுக்கு மேலாகப் பலர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1917-இல் அமெரிக்காவில் கிளென் கர்டிஸ் தன் ‘ஆட்டோபிளேன்’ ஊர்தியைக் கண்காட்சியில் வைத்தார்; அது தரையைவிட்டுச் சற்றுத் துள்ளியதோடு சரி.

எது நன்றாகப் பறக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தால் இந்தச் சண்டை தீராது. நான்கு வழியிலும் ஏதோ ஓர் ஊர்தி பறந்து காட்டியிருக்கிறது. ஆகவே அவர்களிடம் வேறு இரண்டு கேள்விகளை வைத்தேன். சாலையில் ஓடும்போது இறக்கையை எங்கே வைப்பீர்கள்? வானத்தில் போகும்போது காரை எங்கே வைப்பீர்கள்? முதல் கேள்வி எல்லோருக்கும் தோன்றிவிடும். இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறோம். பம்பர், மோதினால் நசுங்கிக்கொடுக்கும் முன்பகுதி, காற்றுப்பை, தடித்த டயர், அடுக்குக் கண்ணாடி எல்லாம் சாலையில் உயிரைக் காப்பவை. தரையைவிட்டு எழுந்ததும் அவை வெறும் மூட்டை.

காருக்கும் விமானத்துக்கும் ஏழாம் பொருத்தம். சக்கரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கார் கவிழாமலிருக்க நான்கு சக்கரங்களும் நான்கு மூலைகளில் நிற்கின்றன. விமானத்திலோ முக்கியச் சக்கரங்கள் எடை மையத்துக்குச் சற்றே பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் ஓடுபாதையில் வேகம் கூடியதும் வால் இலேசாக அழுத்த, மூக்கு மேலே எழும். சீசா பலகையின் அச்சு நடுவில் இருப்பதைப் போன்றது அது. அந்த அச்சைப் பலகையின் கோடிக்குத் தள்ளிவிட்டால் எப்படி இருக்கும்? காரின் பின்சக்கரம் இருப்பது அங்கேதான். மூக்கைத் தூக்குவதற்குள் வால் படாத பாடு படும், ஓடுபாதையும் நீளும். எஞ்சினும் அப்படியே. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் காரின் எஞ்சின் தன் சக்தியில் ஒரு பங்கைத்தான் செலவிடுகிறது. சிறு விமானத்தின் எஞ்சின் முக்கால்வாசிச் சக்தியை மணிக்கணக்காகத் தந்துகொண்டே இருக்க வேண்டும்.

இனி வழிகளைப் பார்ப்போம். கழற்றி வைப்பது பழைய வழி, விரைவாகச் சொல்லி முடித்துவிடலாம். ராபர்ட் ஃபுல்டனின் ‘ஏர்ஃபிபியன்’ 1946-இல் பறந்து, 1950-இல் அமெரிக்க அரசின் சான்றிதழையும் பெற்றது. இறக்கை, வால், முன்விசிறி எல்லாவற்றையும் விமான நிலையத்தில் கழற்றிப் போட்டுவிட்டு ஊருக்குள் காராகப் போகலாம். வழியில் மழை பிடித்து வேறோர் ஊரில் இறங்கி, சாலை வழியே வீடு திரும்பினால் இறக்கை அந்த ஊரிலேயே கிடக்கும். மோல்ட் டெய்லர் அதற்கும் ஒரு வழி கண்டார். 1949-இல் பறந்து 1956-இல் சான்றிதழ் பெற்ற அவருடைய ‘ஏரோகார்’, இறக்கையையும் வாலையும் டிரெய்லராகக் கட்டித் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகும். வீட்டுச் சாமானை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு குடிபெயர்வதைப் போன்ற காட்சி அது. எனக்கு அந்த வண்டிமேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் செய்யப்பட்டவை ஆறே ஆறு. 500 பேர் வாங்க முன்வந்தால் தொழிற்சாலையில் தயாரிக்கலாம் என்றிருந்த பேச்சு, அதில் ஏறத்தாழப் பாதிப் பேரே வந்ததால் நின்றுபோனது.

இந்த வழியில் எனக்குள்ள பயம் இணைப்பைப் பற்றியது. 1973 செப்டம்பர் 11 அன்று கலிஃபோர்னியாவில் ‘மிசார்’ விழுந்தது. ஃபோர்டு பின்டோ காரின் மேல் செஸ்னா விமானத்தின் இறக்கையையும் பின்பகுதியையும் பொருத்திச் செய்த ஊர்தி அது. இறக்கையைத் தாங்கும் கம்பி காரோடு சேரும் இடத்தில் பிய்ந்தது; செய்த ஹென்றி ஸ்மோலின்ஸ்கியும் அவருடைய கூட்டாளி ஹெரால்டு பிளேக்கும் இறந்தார்கள். பற்றவைப்பு சரியில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. தினமும் கழற்றி மாட்டுகிற இடமும், பறக்கும்போது முழுச் சுமையையும் தாங்குகிற இடமும் ஒன்றாக இருக்கிறது. அதை அதிகாலை இருட்டில், அவசரத்தில், உரிமையாளரே மாட்டுகிறார். போல்ட் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க அங்கே வேறு யாரும் இல்லை.

இரட்டை வாழ்க்கை மனிதரையும் குழப்பும். 1947 நவம்பரில் சான்டியாகோ அருகே கான்வேர் நிறுவனத்தின் ‘கான்வேர்கார்’ எரிபொருள் தீர்ந்து தரையில் மோதியது. அதில் காருக்கு ஓர் எஞ்சின், மேலே பொருத்திய விமானப் பகுதிக்கு ஓர் எஞ்சின். தொட்டியும் இரண்டு, முள்ளும் இரண்டு. விமானி கார்த் தொட்டியின் முள்ளைப் பார்த்துவிட்டு ஏறினார் என்பது அன்று முதல் சொல்லப்பட்டுவரும் காரணம். உயிர் தப்பினார். திட்டம் தப்பவில்லை.

அடுத்தது மடக்கும் இறக்கை. இறக்கையை உடம்போடு ஒட்டி மடித்துக் கூடவே எடுத்துப்போவது. இங்கே பேச நிறைய இருக்கிறது, ஏனென்றால் இரண்டு கேள்விகளும் இங்கேதான் முழு வேகத்தில் மோதிக்கொள்கின்றன.

மாசசூசெட்சில் டெராஃபுஜியா நிறுவனம் செய்த ‘டிரான்சிஷன்’ 2009 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது. இருவர் அமரும் சிறு விமானம். ஒரு நிமிடத்துக்குள் இறக்கை தானே மடிந்து பக்கவாட்டில் நின்றுகொள்ளும். எளிய உரிமத்தோடு ஓட்டக்கூடிய இலகு ரக விமானம் என்ற பிரிவில் வந்தால்தான் விற்க முடியும். அந்தப் பிரிவின் எடை வரம்பு அப்போது 600 கிலோ. காற்றுப்பையையும் மோதல் பாதுகாப்பையும் வைத்துக்கொண்டு அதற்குள் அடங்க முடியவில்லை. 2010-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பிடம் போய் 50 கிலோ கூட்டித் தரும்படி கேட்டார்கள், கிடைத்தது. மறு ஆண்டு சாலைப் பாதுகாப்பு அமைப்பின் வாசலில் நின்றார்கள். கார்க் கண்ணாடி கனமாக இருக்கிறது, பறவை மோதினால் வெடித்து விமானியின் பார்வையை மறைத்துவிடும், இலேசான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் போட்டுக்கொள்கிறோம். டயரும் இலேசாக இருக்கட்டும் என்று விலக்கு கேட்டார்கள். அதுவும் கிடைத்தது. ஒரே வண்டி வான அலுவலகத்தில் “இன்னும் கனமாக இருக்க அனுமதியுங்கள்” என்கிறது, சாலை அலுவலகத்தில் “இன்னும் இலேசாக இருக்க அனுமதியுங்கள்” என்கிறது. பறக்கும் கார்ப் பொறியியல் முழுவதையும் இந்த இரண்டு மனுக்களில் படித்துவிடலாம். 2021 ஜனவரியில் பறப்பதற்கான சான்றிதழ் வந்தது. அதே ஆண்டு அமெரிக்கப் பணியாளர்களில் பெரும்பாலோரை நிறுவனம் அனுப்பிவிட்டது.

ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் கிளைன் இதே வழியில் இன்னும் துணிந்து போனார். அவருடைய ‘ஏர்கார்’ இறக்கையை உடம்புக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்கிறது; பறக்கும்போது வால் பின்னோக்கி நீள்கிறது, ஓடும்போது உள்ளே போய் வண்டி குட்டையாகிறது. மாற்றத்துக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. 1.6 லிட்டர் பி.எம்.டபிள்யூ. எஞ்சின். 2021 ஜூன் 28 அன்று நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, இறங்கி, மடித்து, நகரத்துக்குள் ஓட்டிப்போனார். 70 மணி நேரச் சோதனைப் பறப்புக்கும் 200-க்கு மேற்பட்ட ஏற்ற இறக்கங்களுக்கும் பிறகு 2022 ஜனவரியில் அந்நாட்டு ஆணையம் சான்றிதழ் கொடுத்தது. அழகான வண்டி. ஆனால் அந்த ஊர்களுக்கிடையே சாலையில் போனாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். விமான நிலையத்துக்குப் போகும் நேரம், ஏறுமுன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சோதிக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தால் மிச்சம் ஏதுமில்லை. பறப்பதால் வரும் இலாபம் 200 கிலோமீட்டருக்கு அப்பால்தான் கண்ணுக்குத் தெரியும். மாணவர்கள் 300 என்று எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று.

மடக்கும் வழியின் விலை கீலில் இருக்கிறது. இந்த அளவு விமானங்கள் தங்கள் எடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்குச் சுமையைத் தாங்கியாக வேண்டும். 650 கிலோ என்றால் 2.6 டன். அவ்வளவும் மடங்கும் இடத்தின் வழியேதான் உடம்புக்குப் போகிறது. கீல், பூட்டு, மோட்டார், பூட்டிவிட்டதா என்று சொல்லும் உணரி என்று எல்லாம் எடை. கழற்றும் இறக்கையைவிட இது மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம், பூட்டியதா இல்லையா என்பதை எந்திரமே பார்த்துச் சொல்ல முடியும், பூட்டாமல் எஞ்சின் வேகமெடுக்காதபடி செய்ய முடியும்.

இன்னொரு சங்கடம் படத்தில் தெரியாது. சென்ற மாதம் ஒரு வணிக வளாகத்து வாகன நிறுத்தத்தில் யாரோ என் காரின் பின்பக்கத்தை உரசிவிட்டுப் போனார்கள். முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அது மடித்து வைத்த கார்பன் இழை இறக்கையாக இருந்திருந்தால்? மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். பயிற்சி பெற்றவர் வந்து சோதிக்கும்வரை அதில் பறக்கக் கூடாது. நம் தெருக்களில் பம்பர் படும் பாட்டை நினைத்தால் இதற்காகவே ஒரு மூடிய ஷெட் வேண்டும்.

மூன்றாவது, ஆட்டோஜைரோ. இறக்கையை மேலே சுழலும் மெல்லிய அலகுகளாகச் சுருக்கிவிடுவது. பார்க்க ஹெலிகாப்டர் போல இருந்தாலும் மேலே உள்ள சுழலிக்குப் பறக்கும்போது எஞ்சின் சக்தி போவதில்லை. பின்னாலுள்ள விசிறி வண்டியைத் தள்ள, எதிர்க்காற்றில் சுழலி தானே சுற்றுகிறது. ஸ்பெயின்காரர் ஹுவான் டெ லா சியர்வா 1923-இல் பறக்கவிட்ட கருத்து. நெதர்லாந்தின் பால்-வி நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. 2012-இல் அதன் முதல் மாதிரி பறந்தது. ‘லிபர்ட்டி’ வண்டி 2020-இல் ஐரோப்பியச் சாலை அனுமதி பெற்றது. எஞ்சின் நின்றாலும் சுழலி சுற்றிக்கொண்டே இருக்கும். மெதுவாகப் போனாலும் சாதாரண விமானம் போலத் திடீரென்று தூக்குவிசை இழந்து விழாது. இறங்க 30 மீட்டர் போதும். ஏறுவதற்கு மட்டும் ஓடுபாதை தேவை, நின்ற இடத்தில் எழும்பாது.

சாலையில் இதன் தொல்லை உயரம். மடித்த சுழலியும் அதன் தூணும் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன, அகலமோ குறைவு. வளைவில் கவிழாமலிருக்க மூன்று சக்கர வண்டியாக்கி, மோட்டார் சைக்கிள் போலச் சாயவைத்தார்கள். நல்ல தீர்வு, மெச்சத்தான் வேண்டும். ஆனால் வானத்தில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் போகாது, மாற்றத்துக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். ஆட்டோஜைரோவை முரட்டுத்தனமாகக் கீழ்நோக்கித் தள்ளினால் சுழலி சுமையிழந்து கட்டுப்பாடு போய்விடும் என்ற ஆபத்தும் உண்டு; இயல்பாக விமானம் ஓட்டிப் பழகியவர்களே அதில் சிக்குகிறார்கள்.

இப்போது கைப்பேசிப் படத்துக்கு வருகிறேன். நின்ற இடத்திலிருந்து எழும்பும் கார். அந்த மாணவியின் கேள்வி நியாயமானது. போக்குவரத்து நெரிசலில் நிற்கும் ஒவ்வொருவரும் கனவு காண்பது அதைத்தான். அவளோடு காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டோம்.

வண்டி 1,000 கிலோ. 10 மீட்டர் விட்டமுள்ள ஹெலிகாப்டர் சுழலியால் அதை அந்தரத்தில் நிறுத்த, இழப்பே இல்லாத இலட்சிய நிலையில் சுமார் 70 கிலோவாட் வேண்டும். அதே எடையைக் காரின் பரப்புக்குள், அதாவது இரண்டு மீட்டர் அகலம், நாலரை மீட்டர் நீளத்துக்குள், விசிறிகளால் நிறுத்தினால் 207 கிலோவாட். உண்மையான விசிறிகளின் இழப்பையும் சேர்த்தால் 100-க்கும் 300-க்குமான வித்தியாசம். குறைவான காற்றைப் பிடித்து அதிக வேகத்தில் கீழே தள்ள வேண்டியிருப்பதே காரணம். எவ்வளவு வேகம்? ஹெலிகாப்டர் சுழலிக்குக் கீழே மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர். கார் அளவு விசிறிகளுக்குக் கீழே சுமார் 150. வானிலை மையம் இந்த வேகக் காற்றுக்குப் புயல் கூண்டு ஏற்றச் சொல்லும். வாசலில் கோலமும் போகும், கோலம் போட்டவரும் போவார்.

பேட்டரிக் கணக்கு அதைவிட மோசம். 300 கிலோவாட் என்றால் நிமிடத்துக்கு 5 கிலோவாட் மணி. ஒரு கிலோ பேட்டரித் தொகுப்பு சுமார் 200 வாட் மணி தரும் என்று வைத்தால் நிமிடத்துக்கு 25 கிலோ பேட்டரி. அந்தரத்தில் மூன்று நிமிடம் நிற்க ஓர் ஆள் எடை. பெட்ரோலோ எஞ்சினில் வீணாவது போகவே கிலோவுக்கு ஏறத்தாழ 15 மடங்கு அதிகம் தரும். ஆனால் பெட்ரோல் எஞ்சினோடு பல விசிறிகளைத் தனித்தனியே நொடிக்கு நொடி கட்டுப்படுத்துவது பெரும்பாடு. விசிறிகள் சிறியவை என்பதால் சக்தி போனால் ஹெலிகாப்டர் போலச் சுழன்று இறங்கவும் முடியாது, இறக்கை போல மிதந்து வரவும் முடியாது. பாராசூட் இருக்கிறதே என்றாள். இருக்கிறது. 2015 மே மாதம் ‘ஏரோமொபில்’ மாதிரி ஊர்தி கட்டுப்பாடிழந்து சுழன்றபோது அதை ஓட்டிய இதே கிளைனைப் பாராசூட்தான் காப்பாற்றியது. ஆனால் அது விரிய உயரம் வேண்டும். தெருவிலிருந்து எழும்பும் வண்டி மிக ஆபத்தான நொடிகளைக் கழிப்பது தெருவுக்குச் சற்று மேலேதான்.

கலிஃபோர்னியாவின் ஆலெஃப் நிறுவனம் இந்தக் கனவை விடவில்லை. 2023 ஜூனில் சோதனை நோக்கத்துக்கான தனிச் சான்றிதழும் பெற்றது. சாலையில் அது குறைவேக வாகனம் என்ற பிரிவில் வருகிறது. மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர். காரை வானத்துக்குத் தூக்கப்போய்க் கார் சைக்கிள் வேகத்துக்கு இறங்கியிருக்கிறது.

செங்குத்தாக எழும்பும் ஊர்திகளில் உருப்படியாக முன்னேறியவை எல்லாம் சாலையைக் கைகழுவியவை. சீனாவின் ஈஹாங் 16 விசிறிகளோடு, விமானி இல்லாமல், இருவரைச் சுமக்கும் ஊர்திக்கு 2023 அக்டோபரில் அந்நாட்டுச் சான்றிதழ் பெற்றது. சுமார் 30 கிலோமீட்டர் போகும், சாலையில் ஓடாது. அமெரிக்காவின் ஜோபி 2021 ஜூலையில் ஒரே சார்ஜில் சுமார் 249 கிலோமீட்டர் பறந்தது. எழும்பிய பிறகு விசிறிகளை முன்னோக்கிச் சாய்த்து இறக்கை தரும் தூக்குவிசையில் பறப்பதால்தான் அது முடிந்தது. அந்த இறக்கையின் நீளம் சுமார் 12 மீட்டர், எந்த ஷெட்டிலும் நுழையாது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான இ-ப்ளேன் நிறுவனமும் இறக்கை வைத்த ஏர் டாக்ஸியைத்தான் வரைந்திருக்கிறது. சாலையை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஜெர்மனியின் லிலியமும் வோலோகாப்டரும் 2024-இன் கடைசி மாதங்களில் அடுத்தடுத்துத் திவாலாயின.

சீனாவின் எக்ஸ்பெங் குழுவோ கழற்றும் வழியைத் தலைகீழாக்கிவிட்டது. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஆறு சக்கர வண்டி. அதன் பின்பகுதிக்குள் இருவர் அமரும் விசிறி ஊர்தி மடிந்து கிடக்கிறது. வேண்டும்போது வெளியே எடுத்துப் பறக்கலாம், வண்டி கீழேயே நிற்கும், பேட்டரியையும் ஏற்றிக் கொடுக்கும். வானத்தில் போகும்போது காரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நான் பார்த்த நேர்மையான விடை இது. போன இடத்தில் கார் இருக்காது என்பதுதான் குறை. ஏர்ஃபிபியன் இறக்கையை விட்டுவிட்டுப் போனது, இது காரை விட்டுவிட்டுப் போகிறது.

ஆக, எதைத் தேர்வது? மாணவர்களின் நான்கு நிபந்தனைகளையும் வைத்துப் பார்த்தால் நான் மடக்கும் இறக்கையைத்தான் சொல்வேன். ஆனால் நெரிசலுக்குப் பயந்து அல்ல. தினசரி அலுவலகம் போக அது உதவாது. 40 மணி நேரப் பயிற்சியும் தனியார் விமானி உரிமமும் அருகில் ஓர் ஓடுபாதையும் வேண்டும். அதன் உண்மையான பயன் வானிலை. சிறு விமானங்களில் போகிறவர்கள் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டு சாவது பெரும்பாலும் “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்ற நினைப்பால். இறங்கினால் அங்கே வண்டி கிடைக்காது, விமானத்தை விட்டுவிட்டு வர மனம் வராது. அருகிலுள்ள ஓடுபாதையில் இறங்கி, மடித்து, மழையில் ஓட்டிக்கொண்டே வீடு சேர முடியுமென்றால் அந்த நினைப்பு வராது. அப்படியானால் சாலைப் பகுதி 60, 80 கிலோமீட்டர் நிதானமாக ஓடினால் போதும். சொகுசுக் காராக இருக்க வேண்டியதில்லை. ஓடத் தெரிந்த விமானமாக வரையுங்கள், பறக்கத் தெரிந்த காராக வரையாதீர்கள் என்றேன். பின்சக்கரத்தை எடை மையத்தை நோக்கி எவ்வளவு முன்னால் கொண்டுவரலாம், எத்தனை கிலோவை விடலாம் என்ற முடிவுகள் அதிலிருந்து தாமே வந்துவிடும்.

உங்கள் ஊரில் ஓடுபாதை குட்டை, வேகம் பெரிதில்லை என்றால் ஆட்டோஜைரோ. 20 கிலோமீட்டர்தான் பறக்க வேண்டும், அதுவும் நின்ற இடத்திலிருந்து என்றால் எக்ஸ்பெங் வழி. அல்லது ஏர் டாக்ஸி வரும்வரை காத்திருக்கலாம். கழற்றும் இறக்கையையும் தெருவிலிருந்து எழும்பும் காரையும் நான் தொடமாட்டேன்.

படம் காட்டிய மாணவி முழுதாகச் சம்மதிக்கவில்லை. பேட்டரி இன்னும் மூன்று மடங்கு நன்றானால் என்ன செய்வீர்கள் என்றாள். எடைக் கணக்கு மாறும், கீழே வீசும் காற்று மாறாது என்றேன். அதைக் குறித்துக்கொண்டாள். போன வாரம் அவர்களுடைய பட்டறைக்குப் போயிருந்தேன். விமானம் இன்னும் தொடங்கவில்லை. மேசைமேல் ஒரு கீல் இருந்தது, அதன் நுனியில் மணல் மூட்டை தொங்கியது. அவள்தான் பூட்டைத் திறந்து மூடி எண்ணிக்கொண்டிருந்தாள். 340 வரை வந்திருந்தது.